இடது பக்கக் குழாய் சுடவில்லை

எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். அதில் நாலு விரலையும் நனைத்து, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் வலது பக்கச் சைலன்சர் குழாய் மேல் உதறினேன். சுர்ரென்று பொங்கி ஆவியாகிப் போனது. மறுபடி விரலை நனைத்து, இந்தப் பக்கம் சுற்றி வந்து, இடது குழாய் மேல் உதறினேன். தண்ணீர் முத்து முத்தாக அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு சொட்டு மட்டும் சோம்பலாக வழிந்து தரையில் விழுந்தது.

"இன்னாடி பண்றா உங்க அண்ணி? வண்டியில தோசை ஊத்தப் போறாளா?" என்றார் என் மாமியார், வாசற்படியில் நின்று தன் மகளிடம்.

"ஆமாங்க அத்தை, தோசைதான்," என்றேன் நான். "ஒரு கல்லு கொதிக்குது. இன்னொரு கல்லு ஜில்லுனு கீது. அந்தப் பக்கம் அடுப்பே பத்தல."

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு அமாவாசை அது. எந்த வருஷம் என்று கேட்டால் கல்யாணப் பத்திரிகையைத் தேட வேண்டும். ஆரணியில் எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாளில் வீட்டுக்கு வீடு கேட்கிற தறிச் சத்தம் நின்றுபோய், தெருவே காது அடைத்த மாதிரி இருக்கும். அந்த அமைதியில் எங்கள் வீட்டு வண்டி ஒற்றைக் காலால் நொண்டுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் கல்யாணமாகி மூன்றே மாதம் ஆன மருமகள். தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோய் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்தாகிவிட்டது.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது இரண்டு சிலிண்டர் வண்டி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நெருப்பு மூட்டத் தனியாக ஒரு பிளக், புகை விடத் தனியாக ஒரு சைலன்சர். இரண்டும் எரிந்தால் வண்டி பறக்கும். ஒன்று அணைந்துவிட்டால், எரிகிற பக்கம் எரியாத பக்கத்தையும் சேர்த்து இழுக்க வேண்டும். அப்போது வண்டி ஒரு ஆளைச் சுமக்கும், இரண்டாவது ஆள் ஏறினால் இருமி நின்றுவிடும். அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

ஒரு பிளேட் பூரி

எனக்கு வேண்டியிருந்தது ஒரு பிளேட் பூரி கிழங்கு. சிரிக்காதீர்கள். போளூரில் ஏதாவது ஒரு ஓட்டல், ஒரு டேபிள், இந்தப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் என் வீட்டுக்காரர், நடுவில் பூரி. இவ்வளவுதான் ஆசை. மூன்று மாதமாக அவர் சாப்பிடும்போது நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். நான் சாப்பிட உட்காரும்போது அவர் தறிக்குழிக்குள் இறங்கியிருப்பார். கட்டிய புருஷன் எப்படி மெல்லுவான் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

(அவர் பெயரை எழுதக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. இந்தத் தொடர் முழுக்க அவர் 'அவர்'தான்.)

வீட்டில் மாமனார், மாமியார், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நாத்தனார் சுமதி, நாங்கள் இருவர். இரண்டு தறி, ஒரு கூடம், ஒரு அறை. இரண்டு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும். அங்கே சுமதி புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். அதையேதான் மாமியாரும் சொன்னார். "பஸ்ல போறதுன்னா சொல்லுங்க. நானும் சுமதியும் வந்துடறோம். போளூர்ல எங்க பெரியம்மா பொண்ணு கீறா, பார்த்து வருஷமாச்சி." பஸ்ஸில் எல்லாருக்கும் இடம் இருக்கும். பஸ்ஸிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

அன்று படையல் முடிந்து, காக்காவுக்குச் சோறு வைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அவர் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைக்க ஆரம்பித்தார். நான் கனகாம்பரம் வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். பதினைந்து இருபது உதைக்கு அப்புறம் வண்டி முனக ஆரம்பித்தது. என்னை ஏற்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனது, அங்கேயே நின்றுவிட்டது. அவர் தள்ள, நான் பின்னால் நடக்க, ஊர்வலமாகத் திரும்பி வந்தோம். வாசலில் மாமியார் புடவை மாற்றிக்கொண்டு, கையில் பையோடு நின்றார்.

"உட்டுத் தள்ளுடா. மூணு மணி பஸ்ஸுக்குப் போய்க்கலாம்," என்றார், ரொம்பப் பிரியமாக.

அப்போதுதான் நான் உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தேன்.

வந்த நேரம்

பூரி மட்டும் என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். வேறு ஒன்றும் இருந்தது.

கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து வீட்டுக்கு என்னை இந்த வண்டியில்தான் அழைத்து வந்தார்கள். கார் சொல்லலாம் என்று எங்கள் அண்ணன் சொன்னதற்கு, "நம்ம வண்டி கீதே" என்று அவர் மறுத்துவிட்டார். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து துடைத்து வைத்திருந்தாராம். மாலையும் கழுத்துமாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில், தாசில்தார் ஆபீஸ் தாண்டியதும், வண்டியின் சத்தம் மாறியது. தடதடவென்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 'டுப்... டுப்...' என்றது. ஆரத்தித் தட்டோடு மாமியார் நின்ற இடத்துக்கு வண்டி இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தது.

தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் அப்போது மனசுக்குள் என்ன நினைத்தாள் தெரியுமா? 'ஒரு சிலிண்டர் போச்சி' என்றுதான் நினைத்தாள். ஆரத்தி எடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் வெட்கப்படுகிறாள் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

சிரிப்பு ஒரு வாரம்தான் நீடித்தது. ஊரில் ஒரு மெக்கானிக் பிளக்கை மாற்றிக் கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு மாமியார் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை ஜன்னல் வழியே என் காதில் விழுந்தது. "பத்து வருஷமா ஜம்முனு ஓடிகினு இருந்த வண்டி. இவ ஏறி குந்துனா, படுத்துகிச்சி. வந்த நேரம்னு ஒண்ணு கீது இல்ல?"

அத்தை கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டவர். ஆனால் அந்த 'வந்த நேரம்' அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. பால் திரிந்தால் வந்த நேரம், தறியில் பாவு நூல் அறுந்தால் வந்த நேரம். என் முகத்துக்கு நேராக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. இன்ஜினுக்கு நேரமும் ராசியும் கிடையாது என்று அந்த வீட்டிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

சோறு கொண்டு போனவள்

எப்படித் தெரியும் என்றால், என் அண்ணனுக்கு வந்தவாசி ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. எங்கள் ஊர் தெள்ளாருக்குப் பக்கம். எங்கள் பக்கத்து ஆட்கள் தறியை விட்டுப் பயிரில் இறங்கி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் முடித்த பிறகு, அண்ணனுக்கு மத்தியானச் சோறு கொண்டு போவது என் வேலை. அண்ணன் மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, நிதானமாகச் சாப்பிட்டு எழ ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? உப்புத்தாளை எடுத்து பிளக் தேய்ப்பேன். அப்படியே ஒவ்வொன்றாகக் கையில் ஏறிவிட்டது.

போன வாரம் பெண் பார்க்கும் படலத்தை எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களைப் பாடச் சொன்னார்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பாடச் சொல்லவில்லை தாயே. "பொண்ணுக்கு இன்னா இன்னா தெரியும்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் அம்மா பின்பக்கமாகக் கையை விட்டு என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி, "சமையல் தெரியும், கோலம் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அந்தத் தழும்பு ஒரு வாரம் இருந்தது.

அதனால் மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டு, அடுப்படியில் இருந்தபடியே அந்த வண்டியின் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அமாவாசையன்று, மாமியார் கையிலிருந்த பையைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது.

மூணும் நல்லாத்தான் கீது

"இடது பக்கம்தாங்க எரியல," என்றேன் அவரிடம்.

அவர் டம்ளரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மல்லி, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாதுன்னு எப்ப சொன்னேன்? நீங்க கேக்கவே இல்ல."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இப்ப கேக்கறேன். இன்னா பண்ணணும் சொல்லு," என்று என் பக்கத்தில் குந்தினார். அந்த நிமிஷம் எனக்கு அவரை எவ்வளவு பிடித்தது என்பதை இங்கே எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

"இடது பிளக்க வலதுல போடுங்க, வலது பிளக்க இடதுல போடுங்க. பிளக்கு கெட்டிருந்தா நோவு அந்தப் பக்கம் தாவும்."

பிளக் ஸ்பேனர் வேண்டும் என்றதும் மாமா எழுந்துபோய்க் கொண்டு வந்தார். மாமனாரை இன்னும் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. மாமா பேசுவது அபூர்வம். கை மட்டும் சும்மா இருக்காது. தறியில் மிஞ்சுகிற கழிவு நூலைத் தூக்கிப் போடவே மாட்டார். வீட்டில் எது ஆடினாலும் அதில் அந்த நூலைச் சுற்றி முடி போட்டுவிடுவார். மூக்குக் கண்ணாடியின் காம்பில் பட்டு நூல், வாளியின் பிடியில் பட்டு நூல், சுமதியின் குடைக் கம்பியில் பட்டு நூல். எங்கள் வீட்டுத் துடைப்பம் பட்டுக் கட்டியது. அன்று கொண்டு வந்த ஸ்பேனரின் பிடியிலும் பச்சைப் பட்டு சுற்றியிருந்தது. கொடுத்துவிட்டுப் பழையபடி படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிளக் மாற்றினோம், உதைத்தோம், தண்ணீர் தெளித்தோம். வலது சுர்ரென்றது, இடது அப்படியே இருந்தது. ஆக, பிளக் நிரபராதி.

மறுபடி இடது பிளக்கைக் கழற்றினேன். முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. "பெட்ரோல் வருது. கார்பரேட்டர் மேல தப்பில்ல."

அடுத்தது சிலிண்டருக்குள் காற்றின் அமுக்கம். பிளக் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "உதைங்க" என்றேன். பொக்கென்று விரலைத் தூக்கி எறிந்தது. நல்ல அமுக்கம். "அண்ணி, அண்ணி, நானு" என்று சுமதி ஓடி வந்து விரலை வைத்தாள், அலறிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இன்னொரு தடவை வைத்தாள். மாமியார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்து, தானும் ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்தார். "அடிப்பாவி, தள்ளுதுடி," என்றார்.

கடைசியாக நெருப்பு. பிளக்கை அதன் வயரில் மாட்டி, இன்ஜினின் இரும்பு மேல் படுக்க வைத்து, அவரை உதைக்கச் சொன்னேன். டிக் டிக்கென்று நீலமாகப் பொறி பறந்தது. அருமையான நெருப்பு.

பெட்ரோல் இருக்கிறது, அமுக்கம் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. மூன்றும் இருந்தால் செத்த இன்ஜினும் எழுந்து உட்கார வேண்டும். எல்லாவற்றையும் பூட்டி, ஜம்பமாக, "இப்ப உதைங்க பார்க்கலாம்," என்றேன்.

டுப்... டுப்... டுப்...

என் முகத்தில் ஈயாடவில்லை. மணி இரண்டரை. மாமியார் பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "எல்லாம் நல்லாத்தான் கீதுன்ற. அப்பறமும் ஓடலன்னா இன்னா அர்த்தம்? நான்தான் சொல்லிகினே கீறேனே." அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வார்த்தை எனக்கு நன்றாகவே கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து, கை துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

குனிந்த இடத்தில்தான் அது உறைத்தது. வெளியே எடுத்தால் நெருப்பு வருகிறது, உள்ளே போட்டால் வரவில்லை. வெளியே எடுக்கும்போது வேறென்ன செய்கிறோம்? வயரை மேலே தூக்குகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"சுமதி, உன் மர ஸ்கேல் குடு. ஜல்தி."

ஓடுகிற இன்ஜினின் வயரைக் கையால் தொட்டால் ஷாக் அடித்துப் பல் கிட்டிவிடும், அதனால்தான் மரம். ஸ்கேல் முனையை இடது பிளக் வயருக்கு அடியில் கொடுத்து, ஒரு விரல்கடை தூக்கினேன்.

தடதடதடவென்று வண்டி அதிர்ந்து எழுந்தது. இரண்டு சைலன்சரும் புகை கக்கின. மூன்று மாதம் கழித்து அந்தத் தெரு அந்தச் சத்தத்தைக் கேட்டது. அவர் ஒரு துள்ளுத் துள்ளினார். ஸ்கேலை இறக்கினேன், டுப் டுப். தூக்கினேன், தடதட. இறக்கினேன், தூக்கினேன். எதிர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

போர்வைக்குள்ளே

நெருப்பு வழியில் எங்கேயோ தப்பி ஓடுகிறது. எங்கே என்று பார்க்க இருட்டு வேண்டும், ஆனால் வெயில் கொளுத்துகிற மத்தியானம் அது.

"ஒரு போர்வை வேணுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"உள்ள பூந்து பார்க்கணும்."

சுமதியை ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் வண்டியின் இடது பக்கம் குந்தி, போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டோம். உள்ளே இருட்டு, சூடு, பெட்ரோல் வாசனை, கனகாம்பரம். அவர் கன்னம் என் கன்னத்தில் இடித்தது. பட்டப்பகலில் அவர் அவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. என்ன தேட வந்தோம் என்பது எனக்கு ஒரு நிமிஷம் மறந்தே போனது.

"பட்டப்பகல்ல, நடுத்தெருவுல, இன்னாடா கூத்து இது?" என்று மாமியாரின் குரல் வெளியே கேட்டது. சுமதி சிரித்த சிரிப்பில் ஆக்சிலேட்டர் ஆடி, இன்ஜின் ஏறி ஏறி இறங்கியது.

"எங்கடி பார்க்கணும்?" என்றார் அவர் காதுக்குள்.

"என்னப் பார்க்காதீங்க. வயரப் பாருங்க."

அப்போது தெரிந்தது. வயர் பிளக்கின் தொப்பிக்குள் நுழைகிற இடத்திலிருந்து, பக்கத்தில் தகடு தகடாக நிற்கும் சிலிண்டரின் இரும்புக்கு, கடுகளவு நீலப் பொறி ஒன்று டிக் டிக்கென்று தாவிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு அங்கேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, போர்வை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி வெளிச்சம் விட்டேன். வயரைச் சுற்றி ஏழெட்டுச் சுற்றாக ஏதோ ஒன்று, எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுப்பாக, வயரோடு வயராக ஒட்டியிருந்தது. அதன் வால் அரை விரல் நீளத்துக்குத் தொங்கி இரும்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஊக்கு முனையால் முடிச்சை நெம்பி எடுத்தேன். பெட்ரோல் துணியால் ஒரு தேய் தேய்த்தேன். கறுப்புக்கு அடியிலிருந்து அரக்கு நிறம் வந்தது. அரக்குக்கு நடுவில் பளபளவென்று ஜரிகை வந்தது.

பட்டு மட்டும் என்றால் கரண்டைத் தாண்ட விடாது. ஜரிகை அப்படி இல்லை. நூலின் மேல் சுற்றிய உலோகக் கம்பி அது. விரிசல் விட்ட பழைய வயரில் அதைச் சுற்றினால், வயருக்குள் ஓடுகிற நெருப்பு ஜரிகை வழியாக இறங்கி இரும்புக்குப் போய்விடும். வயரைத் தூக்கினால் வாலும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும், அதனால்தான் வெளியே எடுக்கும்போதெல்லாம் நெருப்பு நல்லபடியாக வந்தது.

அந்த அரக்கு எனக்குத் தெரிந்த அரக்கு. என் முகூர்த்தப் புடவையின் நிறம். மாமா தானே குழிக்குள் இறங்கி, வேறு யாரையும் தொட விடாமல் நெய்த புடவை அது.

"அப்பா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கல்யாணத்தன்னிக்கி காலைல வண்டிகிட்ட குந்திகினு இருந்தாரு. பொண்ணு ஏறப் போற வண்டி, அவ புடவை மிச்சம் ஒரு துண்டு கீது, திருஷ்டிக்குக் கட்டறேன்னாரு. ஆடற வயரும் நிக்கும்னாரு."

என் கையில் இருந்தது அந்தத் துண்டு. மூன்று மாதமாக என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த பழி, ஒரு சாண் நீள நூல். போர்வையை விலக்கி, "அத்தை, இதோ பாருங்க, என் நேரமில்ல, மாமா கட்டின ஜரிகை" என்று தெருவே கேட்கச் சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

போர்வைக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. மாமா படியிலிருந்து எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வருஷக்கணக்காகத் தறி மிதித்து அகன்றுபோன பாதம். கட்டைவிரல் மட்டும் மண்ணை நிமிண்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பாதத்துக்கு முன்னால் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

"வயரு லூசா இருந்துச்சுங்க அத்தை. சரி பண்ணியாச்சி."

"அவ்ளோதானா? இதுக்கா மூணு மாசம்?" என்றார் மாமியார். மாமா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். நான் பார்க்காத மாதிரி போர்வையை மடித்தேன்.

இரண்டு பேர்

ஒரே உதையில் வண்டி எழுந்தது. மாமியார் பையோடு நிற்க, நாங்கள் பறந்தோம். போளூர் ரோட்டில் காற்று முகத்தில் அடித்த அடியில் கனகாம்பரம் பாதி உதிர்ந்து போனது. "மெதுவா போங்க" என்று கத்தினேன். அவர் மெதுவாகப் போனதும் "எதுக்கு மெதுவா போறீங்க?" என்று கத்தினேன். இரண்டு சிலிண்டரும் எரிகிற வண்டியில் பின்னால் உட்கார்ந்தால், சிரிக்காமல் இருக்க உங்களால் முடிகிறதா பாருங்கள்.

பூரி வந்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் என் பூரியை மறந்து அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்க முழுக்க இடது பக்கமாகவே மென்றார்.

"ஏங்க, வலது பக்கம்?"

"சொத்தப் பல்லு. ரெண்டு வருஷமா அந்தப் பக்கம் வேலை செய்யல," என்றார்.

எனக்குப் புரை ஏறிவிட்டது. இந்த வீட்டில் எல்லாமே ஒரு பக்கம்தான் ஓடும் போலிருக்கிறது என்று சொல்லி, இரண்டு பேரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சிரித்தோம். ஓட்டல்காரர் இன்னொரு செட் பூரி வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றோம்.

கை கழுவுகிற இடத்தில் அந்தத் துண்டைச் சோப்புப் போட்டுக் கசக்கினேன். எண்ணெய் போய்ப் புதுசு மாதிரி ஆனது. மாமா திருஷ்டிக்குக் கட்டியதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கரண்ட் போகாத இடமாகப் பார்த்து, வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் கட்டினேன். எனக்கு மாமாவின் முடிச்சு வராது. ஏதோ ஒரு முடிச்சு.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். மாமா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கண்ணாடிக் கம்பியின் முன்னால் நின்றார். அந்தத் துண்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார், பிறகு குனிந்து இடது பக்க வயரைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளிக்க வந்தபோது, மாமா வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தறிகள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஆடுகிற அந்த வயரில் புதிதாக ஒரு நூலைச் சுற்றி முடி போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைப் பட்டு, சாயம்கூடப் போடாதது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சமையலறை ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டே இராத சத்தத்தில் பேசினார்.

"இதுல ஜரிகை இல்லமா. நல்லா பார்த்துட்டுத்தான் கட்டினேன். போன தடவ கட்டினதாலதான் வண்டி படுத்துகிச்சி."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"யாருங்க கட்டினது?" என்று அத்தையின் குரல் கேட்டது.

"நானு," என்றார் மாமா, இன்னும் சத்தமாக.